உயிர்நீட்சியும் இதயநலமும்: தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. மருத்துவத்தின் வரலாறு (திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004இல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படத் தொடங்கியபின் தொற்றுள்ளோரின் வாழ்நாள் நீண்டது. வாழ்நாள் நீண்டதன் விளைவாக மாரடைப்பு, பக்கவாதம், குருதிக் கொழுப்பு மிகுதி ஆகியன இம்மக்களிடையே புதிய நலச்சிக்கல்களாயின. மருந்துகளின் வரலாறு, நோயின் இயல்பு, அரசுத் திட்டங்களின் அமைப்பு ஆகிய மூன்றும் இச்சிக்கலை எவ்வாறு உருவாக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி இதற்குரிய களச்சூழலாகக் கொள்ளப்படுகிறது. எச்.ஐ.வி. மருத்துவத்தை வெற்றிபெறச் செய்த தனித்த நிருவாக அமைப்பே இன்று இதயநலப் பாதுகாப்புக்கு இடையே நிற்கும் சுவராகவும் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., கூட்டு மருந்துச் சிகிச்சை, கொலஸ்ட்ரால், ஸ்டாட்டின், தாம்பரம் மருத்துவமனை, கும்மிடிப்பூண்டி, மறைவடக்கம்.

முன்னுரை

ஒரு நோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் தோற்றம், பரவல், இறப்பு, தணிவு என்னும் வரிசையைப் பின்பற்றுவர். பெரியம்மை, வாந்திபேதி, பிளேக் ஆகியவற்றின் வரலாறுகள் இவ்வாறே எழுதப்பட்டுள்ளன. எச்.ஐ.வி.யின் வரலாறு இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. இத்தொற்று மறையவில்லை, தொற்றுற்றவர் இறக்காமல் வாழத் தொடங்கினார். 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். அவர்களுள் பலர் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

வாழ்நாள் நீளும்போது நோய்களின் முகமும் மாறுகிறது. காசநோயாலும் மூளைக்காய்ச்சலாலும் இறந்த தலைமுறைக்குப்பின், அதே தொற்றைக் கட்டுக்குள் வைத்திருந்தும் மாரடைப்பால் இறக்கும் நிலையிலுள்ள தலைமுறை தோன்றியுள்ளது. இதயக்குருதிக்குழாய் நோய்க்கான வாய்ப்பு எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஏனையோரைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று 2018இல் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. இம்மாற்றத்தை மருத்துவ ஏடுகள் புள்ளிவிவரங்களாகப் பதிவுசெய்துள்ளன. தமிழ்ச் சமூக வரலாற்றின் பகுதியாக அதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டறிதலும் அச்சமும் (1986 – 1993)

1981 சூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் அழற்சி பற்றிய குறிப்பே எய்ட்ஸ் நோயின் முதல் மருத்துவப் பதிவாகும். ஐந்தாண்டுகளுக்குள் அது சென்னையை எட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதிப்படுத்தியபின், 1986 மே மாதம் மாநில நலத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைச் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

அறிவிப்பை அடுத்து எழுந்தது மருத்துவ எதிர்வினையன்று; அச்சமே. தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிய பின்னரே அவர்கள் விடுதலை பெற்றனர். நோயைக் கண்டறிவது என்பது நோயாளியை அடையாளங்காட்டித் தனிமைப்படுத்துவது என்னும் பொருளைத் தொடக்கத்திலேயே பெற்றுவிட்டது. தன் தொற்றுநிலையை வெளியே சொல்லாதிருப்பதே பாதுகாப்பு என்னும் பாடத்தை இத்தொடக்கக்காலம் கற்பித்தது. பிற்கால இதயநலச் சிக்கலைப் புரிந்துகொள்ள இப்பாடத்தின் நீண்ட நிழலை நினைவிற்கொள்ளவேண்டும்.

சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அவருடைய கணவர் சாலமன் விக்டர் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர். ஒரே இல்லத்தில் வாழ்ந்த இருவரின் துறைகளும் அன்று ஒன்றையொன்று தொடாதவை. எச்.ஐ.வி. இளையோரின் நோயாகவும் மாரடைப்பு முதியோரின் நோயாகவும் கருதப்பட்ட காலம் அது. அவ்விரு துறைகளும் ஒரே நோயாளியின் படுக்கையருகே சந்திக்கும் நாள் வருவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

தாம்பரம்: காசநோய் இல்லத்திலிருந்து கூட்டு மருந்து மையம்வரை

தாம்பரத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, மருத்துவர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் இல்லத்திலிருந்து வளர்ந்தது. காற்று, ஓய்வு, உணவு ஆகியவற்றையே மருந்தாகக் கொண்ட அவ்வில்லத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டபின் இத்தகைய இல்லங்கள் பல தம் தேவையை இழந்தன. தாம்பரத்திற்கோ 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளோரை உள்நோயாளிகளாகச் சேர்க்கும் புதிய பொறுப்பு வந்தது. பிற இடங்களில் மறுக்கப்பட்டோர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலமான ஆந்திரத்திலிருந்தும் இங்கு வந்தனர்.

கூட்டு மருந்து அன்று ஏழைகளின் கைக்கு எட்டாதது. அக்காலத்தில் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய செ.நெ. தெய்வநாயகம், இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளை நோயாளிகளுக்கு வழங்கினார். இம்மருந்துகளின் முதலெழுத்துகளால் அம்முறை ‘ரான்’ எனப்பட்டது. நவீன மருந்து கிடைக்காத சூழலில் கிடைத்ததைக் கொண்டு நோயாளியைத் தாங்கிப்பிடிக்க முயன்ற ஒரு காலத்தின் சான்று இது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவுபெற்ற தனிச் சங்கமாக உருவாக்கப்பட்டது. அரசுத் துறையின் வழக்கமான கோப்புமுறைக்கு வெளியே விரைந்து செயற்படும் வாய்ப்பை இவ்வமைப்பு தந்தது. பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. நம்பிக்கை மையங்கள் தோன்றின. ‘புள்ளிராஜா’ விளம்பரம் சுவர்களிலும் பேச்சிலும் நிறைந்தது. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுவரையிலான பெண்களிடையே எச்.ஐ.வி. பரவல் 2000இல் 1.7 விழுக்காட்டிலிருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை 2006இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது.

2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் வழங்க முன்வந்தது உலக மருத்துவ வரலாற்றின் திருப்பமாயிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கட்டணமில்லாக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் அதன் தொடக்க இடங்களுள் ஒன்றாக அமைந்தது. முதல்நிலை மருந்து பயன்தராதோருக்கான இரண்டாம்நிலைச் சிகிச்சை 2008 சனவரியில் மும்பையிலும் தாம்பரத்திலும் தொடங்கப்பட்டது. 2017இல் தொற்று உறுதியான அனைவருக்கும் குருதியணு எண்ணிக்கையைக் கருதாமல் சிகிச்சை என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சாவுக்காக வந்தோர் மாத்திரை வாங்க வருவோராயினர்.

உயிர்காத்த மருந்தும் உயர்ந்த கொழுப்பும்

எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் குருதிக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு மேலைநாடுகளில்தான் முதலில் தெரியவந்தது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் புரோட்டியேஸ் தடுப்பிகள் பயன்பாட்டிற்கு வந்தன. ஈராண்டுகளுக்குள், அம்மருந்துகளை உண்டோரின் கன்னமும் கைகால்களும் மெலிவதையும் வயிற்றிலும் பிடரியிலும் கொழுப்புச் சேர்வதையும் மருத்துவர்கள் கண்டனர். 1998இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதனை மருத்துவ ஏடுகளில் விவரித்தனர். உடலின் வெளித்தோற்றத்தில் கண்ட மாற்றம் குருதியிலும் நிகழ்ந்தது. டிரைகிளிசரைடும், தீங்கு விளைக்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலும் உயர்ந்தன.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் வேறு வழியில் வந்தது. இங்கு முதல்நிலைச் சிகிச்சையில் புரோட்டியேஸ் தடுப்பிகள் இல்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகியவற்றின் கூட்டே பெரும்பாலோருக்கு வழங்கப்பட்டது. விலை குறைந்தது, குளிர்பதனம் வேண்டாதது, ஒரே மாத்திரையில் அடங்குவது என்னும் காரணங்களால் இக்கூட்டு இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆயினும் ஸ்டாவுடின், உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவைச் சிதைக்கும் இயல்புடையது. கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போவது அதன் அறியப்பட்ட விளைவு. தொற்றை மறைத்து வாழ விரும்பியவரின் முகமே தொற்றை வெளிப்படுத்தும் நிலை இதனால் தோன்றியது. 2009இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. பின்னர் டெனோபோவிர் அடிப்படையிலான கூட்டு இந்தியாவில் அதன் இடத்தைப் பெற்றது.

ஒவ்வொரு மருந்தும் கொழுப்பை ஒவ்வொரு வகையில் பாதிக்கிறது. எபாவிரென்ஸ் கொலஸ்ட்ராலைச் சற்று உயர்த்தும். டெனோபோவிர் டைசோப்ராக்சில் அதனைச் சற்றுத் தாழ்த்தும். இரண்டாம்நிலைச் சிகிச்சையில் இடம்பெற்ற லோபினாவிர் – ரிட்டோனாவிர் இணை டிரைகிளிசரைடைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும். அட்டசனாவிரின் தாக்கம் அதனினும் குறைவு. 2020க்குப்பின் இந்தியாவில் பரவலான டோலுடெக்ராவிர் கொழுப்பைப் பெரிதும் மாற்றுவதில்லை. எனினும் சிலருக்கு உடல் எடையை மிகுவிக்கிறது. ஆகவே ஒரு நோயாளி எந்த ஆண்டில் சிகிச்சையைத் தொடங்கினார் என்பது அவருடைய குருதிக்குழாய்களில் பதிந்துள்ள வரலாறாகவும் அமைகிறது. 2005இல் தொடங்கியவரும் 2021இல் தொடங்கியவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாத்திரையை வாங்கலாம். அவர்களின் இதயங்கள் கடந்துவந்த பாதை ஒன்றன்று.

மருந்தா, தொற்றா?

கொழுப்பு உயர்வுக்கும் மாரடைப்புக்கும் மருந்தே காரணமாயின் மருந்தை இடையிடையே நிறுத்துவது நன்றாகுமா என்னும் வினா எழுந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் 23,468 பேரைத் தொடர்ந்து கவனித்த டி.ஏ.டி. ஆய்வு 2003இல் தன் முடிவை வெளியிட்டது. கூட்டு மருந்து உண்ணும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 விழுக்காடு கூடுவதாக அது கூறியது. இம்முடிவு மருத்துவ உலகில் கலக்கத்தை உண்டாக்கியது.

மூன்றாண்டுகளில் எதிர்மறைச் சான்று கிடைத்தது. ‘ஸ்மார்ட்’ எனப்பட்ட ஆய்வில் 5,472 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்தனர். மறுபிரிவினர் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நிறுத்தியும் தொடங்கியும் உண்டனர். 2006இல் முடிவு வெளிவந்தது. நிறுத்தி உண்டவர்களிடம் இறப்பு மட்டுமன்றி இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கடும் பாதிப்புகளும் மிகுந்திருந்தன. மருந்தைவிடக் கட்டுப்படாத தொற்றே இதயத்துக்குப் பெரும்பகை என்பது தெளிவாயிற்று.

இதன் இயக்கமுறை இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. எச்.ஐ.வி. குடல்சுவரின் காப்பணுக்களைத் தொடக்கத்திலேயே அழிக்கிறது. குடலிலுள்ள நுண்ணுயிர்களின் கூறுகள் குருதியில் கசிகின்றன. உடல் இடைவிடாத அழற்சிநிலையில் இருக்கிறது. இவ்வழற்சி குருதிக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்திக் கொழுப்புப் படிவதற்கு இடமளிக்கிறது. கூட்டு மருந்து இவ்வழற்சியைக் குறைக்கிறதேயன்றி முற்றிலும் அணைப்பதில்லை. எனவே கொலஸ்ட்ரால் அளவு ‘இயல்பு’ என்று ஆய்வகத்தாள் காட்டினாலும் இடர் இயல்பானதன்று.

இந்தியச் சூழலில் மற்றொரு கூறும் சேர்கிறது. 52 நாடுகளில் நடைபெற்ற ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் நடு வயது 53. ஏனையோருக்கு ஏறக்குறைய 59. நன்மை பயக்கும் எச்.டி.எல். குறைவாகவும் டிரைகிளிசரைடு மிகுதியாகவும் இருப்பது தெற்காசியரிடம் பொதுவாகக் காணப்படுவது. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றும் இதே உருவத்தையே குருதியில் தோற்றுவிக்கிறது. சென்னையிலுள்ள காசநோய் ஆய்வு மையத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், காசநோயும் எச்.ஐ.வி.யும் உடையோரிடம் தொடக்கத்தில் எச்.டி.எல். குறைவே பரவலாக இருந்தது; சிகிச்சைக்குப்பின் எச்.டி.எல்., எல்.டி.எல். இரண்டும் உயர்ந்தன. மரபும் தொற்றும் மருந்தும் ஒரே திசையில் இழுக்கும் நிலையே தமிழ்நாட்டு நோயாளியின் நிலை எனலாம்.

ஸ்டாட்டின்: 2023ஆம் ஆண்டின் திருப்பம்

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகள் சப்பானிய அறிவியலார் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சைகளிடையே மேற்கொண்ட தேடலிலிருந்து பிறந்தவை. 1987இல் லோவாஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. கொழுப்பைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிப்பதால் எச்.ஐ.வி. உள்ளோருக்கு இவை இருவகைப் பயன் தரக்கூடும் என்னும் எண்ணம் தோன்றியது. எண்ணத்தைச் சான்றாக மாற்றியது 2015இல் தொடங்கிய ‘ரிப்ரீவ்’ ஆய்வு.

இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயதுவரையிலான 7,769 பேர் இதில் பங்கேற்றனர். அனைவரும் கூட்டு மருந்து உண்பவர்கள். வழக்கமான கணக்கீட்டின்படி இதயநோய் இடர் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டினும் மறுபிரிவினருக்கு வெற்று மாத்திரையும் வழங்கப்பட்டன. பயன் தெளிவாகத் தெரிந்தமையால் 2023இல் ஆய்வு முன்கூட்டியே முடிக்கப்பட்டது. மருந்து உண்டோரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. ஆயிரம் பேரை ஓராண்டு நோக்கினால் வெற்று மாத்திரைப் பிரிவில் 7.32 நிகழ்வுகளும் மருந்துப் பிரிவில் 4.81 நிகழ்வுகளும் இருந்தன.

இதற்கு விலையும் உண்டு. மருந்துப் பிரிவில் 5.3 விழுக்காட்டினருக்கும் மறுபிரிவில் 4 விழுக்காட்டினருக்கும் புதிதாக நீரிழிவு தோன்றியது. நீரிழிவு மிகுந்த தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. நன்மை தீமைகளை எடைபோட்டபின் பிரித்தானிய, அமெரிக்க மருத்துவ வழிகாட்டிகள் நாற்பது வயதைக் கடந்த எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஸ்டாட்டின் வழங்குவதை 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஆதரித்தன. பிட்டாவாஸ்டாட்டின் இந்தியாவிலும் தயாராகி விற்பனையாகும் மருந்தே. ஆகவே எஞ்சியிருப்பது மருந்தியல் வினாவன்று. அம்மருந்து எந்தச் சாளரத்தின் வழியாக, யார் கையால், யாருக்கு வழங்கப்படும் என்னும் நிருவாக வினாவாகும்.

வள்ளூரும் கும்மிடிப்பூண்டியும்: களச்சூழல்

இவ்வினாவின் நடைமுறைப் பொருளை அறியத் திருவள்ளூர் மாவட்டம் ஏற்ற களமாகும். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி, மாநிலத்தின் பெருந்தொழில் மண்டலங்களுள் ஒன்று. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. எண்ணூரின் காமராசர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. மீஞ்சூரையடுத்த வள்ளூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் இணைந்து நிறுவிய 1,500 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் உள்ளது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலை இம்மண்டலத்தின் நடுவே செல்கிறது.

எச்.ஐ.வி. கட்டுப்பாட்டின் வரலாற்றில் இத்தகைய நிலப்பகுதிகளுக்குத் தனியிடம் உண்டு. லாரி ஓட்டுநர்களும் இடம்பெயர்ந்த தொழிலாளர்களும் தொற்றை ஒரு மக்கட்பிரிவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் பாலமாக அமையக்கூடும் என்று தேசியத் திட்டம் கருதியது. சுமை ஏற்றி இறக்கும் இடங்கள், சோதனைச் சாவடிகள், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவற்றை மையமாகக் கொண்டே தடுப்புப் பணிகள் வகுக்கப்பட்டன. அத்திட்டத்தின் கண்ணில் ஓட்டுநர் தொற்றின் வழியாகத் தென்பட்டாரேயன்றி இதயமுடைய மனிதராகத் தென்படவில்லை. அன்றைய அவசரத்தில் அது தவிர்க்கவியலாதது.

ஆனால் அதே ஓட்டுநரின் அன்றாடம் இதயநோயின் இடர்க்காரணிகளால் நிறைந்தது. நெடுநேரம் அமர்ந்திருத்தல், இரவு விழிப்பு, பீடி, சாலையோர உணவகங்களின் எண்ணெய்ப் பண்டங்கள் ஆகியன அவர் தொழிலின் பகுதிகள். ஆலைத் தொழிலாளிக்கு முறைமாற்றுப் பணியும் வெப்பமும் உண்டு. நிலக்கரியை எரிக்கும் மண்டலத்தில் வாழ்வோர் உள்ளிழுக்கும் நுண்துகள்களும் மாரடைப்புக்கு ஒரு காரணி என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. எனவே எச்.ஐ.வி. தடுப்புக்காக ஒருகாலத்தில் வரையப்பட்ட நிலப்படமும் இதயநோய் இடரின் நிலப்படமும் இப்பகுதியில் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன.

தொலைவும் கருதத்தக்கது. கூட்டு மருந்து தாம்பரத்தில் தொடங்கிய 2004இல் கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்குச் செல்பவர் புறநகர் வண்டியில் சென்னை மத்திய நிலையம் வந்து, பூங்கா நிலையத்தில் வேறு வண்டி ஏறவேண்டும். ஒருவழிப் பயணம் மட்டும் 70 கிலோமீட்டருக்கு மேல். நாட்கூலித் தொழிலாளிக்கு அது ஒருநாள் ஊதிய இழப்பு. பின்னர் மருந்து மையங்கள் மாவட்டந்தோறும் பரவின. மருந்து பெறும் துணை மையங்களும் தோன்றின. 2022 சனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தொலைவு குறைந்தது உண்மையே. எனினும் அருகில் வந்த மருத்துவமனையைவிடத் தொலைவிலுள்ள மருத்துவமனையையே சிலர் நாடுவதற்குக் காரணம் உண்டு: அங்குத் தம்மை அறிந்தவர் எவருமில்லை.

இரு வரிசைகள்

1994ஆம் ஆண்டு தமிழ்நாட்டு நலவாழ்வு வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அவ்வாண்டு தோன்றியது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் அதே ஆண்டில் உருவானது. இரண்டும் நாடு போற்றிய அமைப்புகள். ஆனால் அவை தனித்தனித் தடங்களில் இயங்கின. எச்.ஐ.வி. மருந்து நடுவண் திட்டத்தின் வழியாகக் கூட்டு மருந்து மையத்துக்கு வருகிறது. குருதி அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கான மாத்திரை மாநிலக் கழகத்தின் வழியாகப் பொது மருந்தகத்துக்கு வருகிறது. ஒரே மனிதர் இரு வரிசைகளில் நிற்கவேண்டியுள்ளது.

தொற்றாநோய்களுக்கான தமிழ்நாட்டின் முயற்சியும் எளியதன்று. விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனைப் பணி பின்னர் மாநிலமெங்கும் விரிந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் மாரடைப்புக்கான அவசர மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தது. மாரடைப்பின் முதல் மணிநேரத்தில் பெரிய மருத்துவமனையை எட்டமுடியாத ஊர்களுக்கு இது பெரும் பயன்.

வீட்டு வாசலுக்கு மருந்து வருவது பொதுநோக்கில் வரமே. தொற்றை அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் காக்கும் குடும்பத்துக்கு அதே வரம் அச்சமாகவும் மாறலாம். மாத்திரை கொண்டுவரும் ஊழியர் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணே. வேறென்ன மாத்திரை உண்கிறீர்கள் என்னும் இயல்பான வினாவுக்கு எச்.ஐ.வி. உள்ளவரால் இயல்பாக விடையளிக்க இயலாது.

மறைவடக்கமும் மருந்து இடைவினையும்

அவ்வினாவுக்குச் சொல்லப்படாத விடை மருத்துவ இடராக மாறும் இடங்கள் உள்ளன. ரிட்டோனாவிர் கல்லீரலின் ஒரு நொதியைத் தடுக்கிறது. அந்நொதியால் சிதைக்கப்படும் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் ஆகியன அப்போது குருதியில் பன்மடங்கு பெருகித் தசைகளை அழித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆகவே அவ்விணை விலக்கப்பட்டது. அட்டர்வாஸ்டாட்டினின் அளவையும் குறைக்கவேண்டும். பிட்டாவாஸ்டாட்டின் பெரும்பாலும் வேறு வழியில் வெளியேறுவதால் இத்தடையில்லை; ‘ரிப்ரீவ்’ ஆய்வு அதனைத் தேர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். மாரடைப்பில் பயன்படும் க்ளோபிடோக்ரெலின் செயற்றிறனையும் ரிட்டோனாவிர் குறைக்கிறது. டோலுடெக்ராவிர் மெட்பார்மினின் அளவைக் குருதியில் உயர்த்துகிறது.

நோயாளி தன் தொற்றைச் சொல்லவில்லை எனில் பொது மருத்துவர் இவற்றை அறிய வழியில்லை. சொன்னால் பணி, வாடகை வீடு, மகளின் திருமணம் ஆகியன பாதிக்கப்படுமோ என்னும் அச்சம் குறுக்கே நிற்கிறது. 1986இல் கற்பிக்கப்பட்ட மௌனம் இங்கு மாத்திரைச் சீட்டின் வெற்றிடமாக மறுபிறப்பெடுக்கிறது. இதனை நோயாளியின் அறியாமை என்று கொள்வது பிழை. தன் அனுபவத்திலிருந்து பெற்ற அறிவின்படியே அவர் நடந்துகொள்கிறார்.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வச்சத்துக்குச் சட்டவழித் தீர்வு காண முயன்றது. பணியிலும் சிகிச்சையிலும் குடியிருப்பிலும் பாகுபாடு தடைசெய்யப்பட்டது. ஒருவரின் தொற்றுநிலையை அவர் இசைவின்றி வெளியிடுவது குற்றமாயிற்று. நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குறைகேட்பு அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும். மருத்துவ நிறுவனங்களுக்கு அவ்வரம்பு இருபது பேர். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிக்கு இவ்விதி நேரடியாகப் பொருந்தும். ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளி ஆலையின் பணியாளரா, ஒப்பந்தக்காரரின் பணியாளரா என்னும் பழைய சிக்கல் இங்கும் தலைகாட்டுகிறது. உரிமையைக் கோருவதற்கே தொற்றை ஒருவரிடம் வெளிப்படுத்தவேண்டும் என்னும் முரணும் உண்டு.

இச்சிக்கலுக்குரிய விடை, தொற்றுள்ளோரைப் பொது வரிசைக்கு அனுப்புவதா, இதயநலத்தைக் கூட்டு மருந்து மையத்துக்குள் கொண்டுவருவதா என்னும் இரண்டனுள் அமைகிறது. முன்னது கோட்பாட்டளவில் சமத்துவமானது. நடைமுறையில் மௌனத்தையும் இடைவினையையும் மிகுவிப்பது. பின்னதற்குப் பெருஞ்செலவு இல்லை. குருதி அழுத்தக் கருவி, ஆண்டுக்கொருமுறை கொழுப்புச் சோதனை, புகைவிடுவதற்கான ஆலோசனை, மருந்தகத்தில் பொருத்தமான ஸ்டாட்டின் ஆகியன போதும். திங்கள்தோறும் அல்லது சில திங்களுக்கு ஒருமுறை தவறாது வரும் நோயாளியும், அவர் பெயரறிந்த ஆலோசகரும் அங்கு ஏற்கெனவே உள்ளனர். வேறெந்தத் தொற்றாநோய்த் திட்டத்துக்கும் இத்தகைய தொடர்பு எளிதில் வாய்ப்பதில்லை.

முடிவுரை

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. மருத்துவத்தின் வரலாற்றை மூன்று கட்டங்களாகக் காணலாம். 1986 முதல் 2004 வரை இறப்பைத் தடுக்கவியலாத காலம். 2004 முதல் ஏறக்குறைய 2017 வரை மருந்தைப் பரவலாக்கி உயிரைக் காத்த காலம். அதன்பின் காக்கப்பட்ட உயிர் முதுமையை எட்டும் காலம். முதலிரு கட்டங்களின் நெருக்கடி தனித்த அமைப்பையும் தனித்த கட்டடத்தையும் தனித்த மருந்துவழியையும் வேண்டியது. அவை வெற்றியும் பெற்றன. மூன்றாம் கட்டத்தில் நோயாளி ஒரு தொற்றின் கொள்கலமாக அன்றி முழு உடலுடைய மனிதராக மருத்துவமனைக்கு வருகிறார். அமைப்பு இன்னும் அவருடைய தொற்றை மட்டுமே வரவேற்கிறது.

தாம்பரத்தின் காசநோய் இல்லம் காலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டதால் நிலைத்தது. கூட்டு மருந்து மையங்களுக்கும் அத்தகைய மாற்றம் தேவைப்படும் காலம் இது. வைரஸின் அளவு ‘கண்டறிய இயலாத நிலை’ என்னும் முடிவைப் பெற்று மகிழ்ச்சியோடு கும்மிடிப்பூண்டி வண்டி ஏறும் ஒருவர், தம் குருதி அழுத்தத்தையும் கொழுப்பின் அளவையும் அதே தாளில் அறிந்து திரும்பும் நாளில்தான் 2004இல் தொடங்கிய பணி நிறைவுறும்.